விமலகுமாரியும் உலகின் உயரமான கட்டடங்களும்

விமலகுமாரி அக்காவின் புருஷன் ராஜதாஸை நான் வெகு காலம் ‘அண்ணன்’ என்று அழைத்தேன். வழியில் எதிரே வந்தால் இப்போதும் வாய் அப்படித்தான் அழைக்கிறது. பழகிய வாய், என்ன செய்ய? ஆனால் இது என் எழுத்து. இங்கே அவன் ‘அவன்’தான். அந்த மரியாதைக்குமேல் கொடுக்க என்னால் ஆகாது.

என் பெயர் ஷீனா. நெய்யாற்றின்கரையில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். இந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் என் மூளை இல்லை. என் மூளை எனக்குத் தெரியும். காரணம் விமலகுமாரி அக்கா. எனக்கு மட்டுமல்ல, போலீசில் இருக்கும் அமிர்தாவுக்கும் அவள்தான் காரணம். எங்கள் ஊரிலிருந்து கேரள அரசுத் தேர்வாணையமான பிஎஸ்சியின் பரீட்சை எழுதி அரசு வேலைக்குப் போன பெண்களில் பாதிப் பேர் அவளிடம் உட்கார்ந்து படித்தவர்கள். அவளுக்கு மட்டும் வேலை இல்லை. இனி கிடைக்கவும் கிடைக்காது. அது எப்படி நடந்தது என்று ஊரில் கேட்டால், “பாவம், ராஜதாஸு மறந்துபெய்ட்டான்” என்பார்கள். மறந்தானாம். அதைக் கேட்டுக் கேட்டு வயிறெரிந்துதான் இதை எழுதுகிறேன்.

பாறசாலைக்கும் உதியன்குளங்கரைக்கும் நடுவில், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். வீட்டில் தமிழ், பேருந்தில் மலையாளம், சபையில் இரண்டும். அக்காவின் அப்பா எலியா ரப்பர் வெட்டும் தொழிலாளி. மகள் மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியத்தில் படித்தாள். மற்றப் பிள்ளைகள் சினிமாப் பாட்டை மனப்பாடம் செய்த வயதில் இவள் இயர் புக்கை மனப்பாடம் செய்தாள். எந்த நாட்டின் தலைநகர் எது, எந்த ஆறு எங்கே கடலில் சேர்கிறது, எல்லாம். அதிலும் பெரிய பெரிய கட்டடங்கள் என்றால் அவளுக்கு உயிர். இரண்டு மாடிக்குமேல் வீடு இல்லாத ஊரில் பிறந்தவளுக்கு அந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது.

அவள் ஏழாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடங்களுக்கு இடையே ஒரு வினாடி வினா நடந்தது. கடைசியில் இரண்டு பிள்ளைகள் சமமாக நின்றார்கள். உலகின் மிக உயரமான கட்டடம் எது என்று கேட்டார்கள். எதிரே நின்ற பையன் சிகாகோவிலுள்ள சியர்ஸ் டவர் என்றான். பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. அக்கா, கோலாலம்பூரிலுள்ள பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் என்றாள். அந்த வருடம்தான் பட்டம் கைமாறியிருந்தது. சியர்ஸின் கூரைதான் உயரம், பெட்ரோனாஸ் மேலே குத்திவைத்த ஊசியால் ஜெயித்துவிட்டது என்று சிகாகோக்காரர்கள் சண்டை போட்ட கதையையும் நடுவரிடம் நின்றுகொண்டே சொன்னாளாம். பரிசாக ஒரு எவர்சில்வர் தட்டு கிடைத்தது. எலியா மாமா அந்தத் தட்டில்தான் சாகும்வரை சோறு தின்றார்.

அந்த ஒரு கேள்வியை வைத்தே அவள் வாழ்க்கையைச் சொல்லிவிடலாம். அவள் தனுவச்சபுரத்துக் கல்லூரிக்குப் போன காலத்தில் பட்டம் தைப்பே 101-க்குப் போனது. டிகிரி முடித்துப் பிஎஸ்சிக்குப் படிக்க இறங்கியபோது துபாயில் அதைவிட உயரமாக ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே கண்ணாடி மாட்டும் வேலையில் இருந்தான் நம்ம ராஜதாஸ்.

பெண் பார்க்க வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். காப்பி கொடுத்துவிட்டுப் போகவேண்டியவள் நின்று மாப்பிள்ளையிடம் கேட்டாள்.

“நீங்க வேலை செய்யுத கெட்டிடத்துல எத்தன மாடி உண்டு?”

“அத ஆரு எண்ணினா? நூத்தி அம்பதோ என்னமோ. எனக்கு மேல வரைக்கும் போவ பாஸ் இல்ல.”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மாப்பிள்ளை வீட்டார் போன பிறகு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“பிள்ளே, எனக்கு இஷ்டப்பட்டு. அறியாததை அறியாதுன்னு செல்லுத ஆளாக்கும்.”

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அன்றைக்கு அவன் அப்படித்தான் இருந்தான்.

கல்யாணம் நடந்த அன்றுதான் துபாயில் அந்தக் கட்டடம் திறக்கப்பட்டது. இரண்டாயிரத்துப் பத்து, ஜனவரி நாலு, திங்கட்கிழமை. அதுவரை புர்ஜ் துபாய் என்று இருந்த பெயரைத் திறப்பு விழாவில் புர்ஜ் கலீஃபா என்று மாற்றினார்கள். மறுவீட்டுக்கு வந்தபோது அக்கா, “எனக்க இனிஷியலும் மாறிச்சு, அதுக்க பேரும் மாறிச்சு” என்று சொல்லிச் சிரித்தாள். சபையில் போதகர் ஐயர் பிரசங்கத்திலேயே சொன்னார், உலகத்தின் உயரமான கட்டடத்தில் உழைத்த மகன் நம் ஊருக்கு மருமகனாக வந்திருக்கிறான் என்று. அவன் மார்பு விரிய உட்கார்ந்திருந்தான். அந்தப் பெருமையில் தப்பில்லை. ஊரில் அவனுக்கு இருந்த ஒரே பெருமை அதுதான். பின்னாளில்தான் அது விளங்கியது.

லீவு முடிந்து அவன் துபாய்க்குத் திரும்பினான். போகும்போது ஊரில் உபயோகித்த சிம் கார்டை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனான். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். ஊர் நம்பர் செத்துப்போகக்கூடாது, பெண்டாட்டி கையில் உயிரோடு இருக்கட்டும் என்று. பிஎஸ்சி விண்ணப்பமெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியபோது அக்கா தன் பெயரைப் பதிவு செய்தாள். போன் நம்பர் கேட்டார்கள். கையிலிருந்த நம்பரைக் கொடுத்தாள். நம் பெண்கள் எல்லாரும் அப்படித்தான். ரேஷன் கார்டானாலும் கேஸ் சிலிண்டரானாலும் புருஷன் நம்பரைத்தான் கொடுப்போம். இப்படி ஒரு நாள் வரும் என்று யார் கண்டது?

எங்கள் படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பைன் ஸ்டடி என்பார்கள். கேரளத்தில் பிஎஸ்சிக்குப் படிக்கிற யாரைக் கேட்டாலும் தெரியும். பணம் கட்டிக் கோச்சிங் போக வழியில்லாதவர்கள் ஒன்றாக உட்கார்ந்து, ஒருவர் கேட்க மற்றவர்கள் விடை சொல்வது. எங்களுக்கு வாசகசாலையின் பின் அறை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, உலையில் அரிசி போட்டுவிட்டு, பாதித் துணியை ஊறவைத்துவிட்டு ஓடி வருவோம். மற்ற இடங்களில் முதலெழுத்துகளைச் சேர்த்துக் குறுக்குச் சொல் உண்டாக்கி உருப்போடுவார்கள். அக்காவுக்கு அது பிடிக்காது. அவளுக்கு எல்லாம் கதை.

சிகாகோவில் பத்து மாடி வைத்துக் கட்டிய ஹோம் இன்சூரன்ஸ் கட்டடத்தைத்தான் முதல் வானளாவிய கட்டடம் என்று சொல்கிறார்கள். அதை இடித்த வருடமும் எம்பயர் ஸ்டேட்டைத் திறந்த வருடமும் ஒன்றுதான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று. “மொதல்ல வந்தவளுக்க கதி இதாக்கும், ஓர்மை வச்சுக்க” என்பாள். லிஃப்ட் இல்லாமல் உயரக் கட்டடம் இல்லை. ஓட்டிஸ் என்பவர் நியூயார்க்கில் கூட்டத்தின் முன்னால் கயிற்றில் தொங்கிய லிஃப்ட் மேடையில் ஏறி நின்று, கயிற்றை வெட்டச் சொல்லி, விழாமல் நின்று காட்டினார். கிரைஸ்லர் கட்டடத்தின் கதையை அவள் சொல்லிக் கேட்கவேண்டும். கூட்டாளியாக இருந்து பிரிந்த இரண்டு ஆர்க்கிடெக்டுகள் ஆளுக்கொரு கட்டடம் எழுப்பி யார் உயரம் என்று போட்டி போட்டார்கள். ஒருவர் தன் கோபுர ஊசியைக் கட்டடத்துக்குள்ளேயே யாருக்கும் தெரியாமல் பூட்டிவைத்திருந்து, எதிராளி முடித்தாகிவிட்டது என்று நினைத்த நேரத்தில் வெளியே தூக்கி நிறுத்தினார். அப்படி ஜெயித்த கட்டடம் திறந்து ஒரு வருடம்கூட முழுசாக முதலிடத்தில் நிற்கவில்லை. எம்பயர் ஸ்டேட் வந்துவிட்டது. இந்தக் கதையில் இருந்து எங்களுக்கு நாலைந்து கேள்விக்கு விடை கிடைத்துவிடும், மறக்கவும் மறக்காது.

அவள் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. தப்பான விடையை யார் சொன்னாலும் அந்த நிமிடமே சத்தமாகத் திருத்த வேண்டும். ஆளைப் பார்க்கக்கூடாது, முகத்தைப் பார்க்கக்கூடாது. திருத்தாமல் விட்டால் கேட்டவர்கள் மனதில் அந்தத் தப்பு ஏறி உட்கார்ந்துகொள்ளும், பரீட்சை ஹாலில் அதுதான் முதலில் வந்து நிற்கும். தப்பாக எழுதினால் மார்க்கில் மூன்றில் ஒன்று போய்விடும் அல்லவா? நான் நடுவழியில் வேறு யோசனையில் உளறினால் அமிர்தா என் தொடையில் அடித்துத் திருத்துவாள். நாங்கள் யாரும் அதற்குக் கோபித்ததில்லை. வீட்டிலும் அது பழக்கமாகிவிட்டது. டிவியில் செய்தி வாசிப்பவளைக்கூடத் திருத்துவோம்.

நாங்கள் ஒவ்வொருவராக வேலைக்குப் போனோம். போகும்போதெல்லாம் பின் அறையில் கேக் வெட்டினோம். ஒவ்வொரு முறையும் கத்தியைப் பிடித்துக் கொடுத்தவள் அவள். அவளுக்கு என்ன ஆயிற்று? முதல் முறை ரேங்க் லிஸ்டில் வந்தாள். லிஸ்டின் காலம் முடிந்தபோது அவளுக்கு முன்னால் இன்னும் சிலர் மீதி இருந்தார்கள். அடுத்த முறை மகள் நீது வயிற்றில் இருந்தாள். பரீட்சை ஹாலில் வாந்தி எடுத்துக்கொண்டே பாதி எழுதினாள். அதற்கடுத்த முறை மாமியார் ஜெயபாய் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கூட இருக்க ஆள் வேண்டும். மகன் துபாயில், மகள் கிடையாது. வேறு யார்? படித்ததெல்லாம் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துதான். ஜெயபாய் ஆள் மோசமில்லை, ஆனால் வாய் சும்மா இருக்காது. “ஜோலி கிட்டினா ஒன்ன காசர்கோட்டுல கொண்டு போடுவினும். பின்ன எனக்கு கஞ்சி ஆரு தருவா?” என்பார். கஞ்சி கொடுத்துக் கொடுத்தே அக்காவுக்கு வயது ஏறியது. எங்கள் சமுதாயத்துக்கு முப்பத்தொன்பது வரைதான் விண்ணப்பிக்கலாம். அந்தக் கோட்டைத் தாண்டும் முன்பு அவள் கடைசியாக ஒரு விண்ணப்பம் போட்டாள். இது போனால் போனதுதான் என்று எங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அவன் கொரோனா சமயத்தில் துபாயை விட்டு வந்து உதியன்குளங்கரையில் அலுமினியக் கதவு ஜன்னல் செய்யும் கடை போட்டிருந்தான். கடை போர்டில் நம்பர் எழுத வேண்டும் என்று பழைய சிம்மைக் கேட்டான். புருஷனுடைய நம்பர், புருஷன் கேட்டான், எடுத்துக் கொடுத்தாள்.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸில் சபை வாலிபர் சங்கம் பிள்ளைகளுக்கு வினாடி வினா நடத்தியது. சங்கத்தின் செக்ரட்டரி ஜெனில் என்ற பையன். தொடங்கிவைக்க ராஜதாஸைக் கூப்பிட்டார்கள். புர்ஜ் கலீஃபாவில் வேலை செய்தவர் அல்லவா? அவன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு மைக்கின் முன்னால் நின்றான்.

“உலகத்துலயே பொக்கமுள்ள கெட்டிடமாக்கும் அது. எண்ணூத்தி இருபத்தெட்டு மாடி. அதுல எனக்க கை பட்ட கண்ணாடி எத்தனையோ உண்டு.”

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “மீட்டராக்கும். மாடி நூத்தி அறுபத்தி மூணு.”

அக்காதான். யோசித்துச் சொன்னதில்லை. பக்கத்தில் இருந்த என் வாயிலும் அது வந்துவிட்டது, அவள் முந்திக்கொண்டாள், அவ்வளவுதான். இத்தனை வருடப் பழக்கம். சொன்ன பிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. அதோடு நின்றிருந்தால் போயிருக்கும். அந்த ஜெனில் இருக்கிறானே, சும்மா இருக்க வேண்டாமா? மைக்கைப் பிடுங்கி, “அப்பம் ராஜதாஸ் அண்ணனுக்கு நெகட்டீவ் மார்க்கு” என்றான். கூட்டம் இடிந்து விழுகிறாற்போல் சிரித்தது. ராஜதாஸும் சிரித்தான். கூடக் கொஞ்சம் அதிக நேரமே சிரித்தான்.

மறுநாள் முதல் ஊர்ப் பயல்களுக்கு அவன் பெயர் ‘எண்ணூத்தி இருபத்தெட்டு’. கடை வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டு ஓடுவார்கள். அவனுக்கு வலித்திருக்கும். வலிக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வெயிலில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி மாட்டியவன் அவன். ஒரு நம்பர் மாறிப்போனதால் அவன் மாட்டிய கண்ணாடி இல்லை என்று ஆகிவிடுமா? அக்கா வீட்டில் அவன் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டாள். “அதெல்லாம் நான் மறந்தாச்சு” என்றான்.

பரீட்சைக்கு விண்ணப்பித்தால் மட்டும் போதாது எங்களுக்கு. பரீட்சை நெருங்கும்போது கன்ஃபர்மேஷன் என்று ஒன்று கேட்பார்கள். நான் எழுதுவேன் என்று பிஎஸ்சியின் சைட்டில் நம் கணக்கில் புகுந்து உறுதி சொல்ல வேண்டும். குறித்த தேதிக்குள் சொல்லாவிட்டால் ஹால் டிக்கெட் வராது, விண்ணப்பமும் தள்ளுபடி. கணக்கில் புகவேண்டுமானால் பதிவு செய்த போனுக்கு ஆறு இலக்க நம்பர் ஒன்று வரும், ஓடிபி. அதை அடித்தால்தான் கதவு திறக்கும். நம்பரை மாற்றலாம் என்றால் அதற்கும் பழைய நம்பருக்குத்தான் ஓடிபி போகிறது.

அக்கா முதல் நாளே கேட்டாள். “நாளைக்கு செய்யலாம், இப்பம் சார்ஜ் இல்ல” என்றான். அடுத்த நாள் கேட்டாள். “சைட்டு ஸ்லோவாக்கும், ராத்திரி பாக்கலாம்” என்றான். அப்புறம் கடையில் கணக்குப் பார்க்கிற நாள், அப்புறம் சபை கமிட்டி, அப்புறம் தலைவலி. அவன் போனுக்கு விரல் வைத்தால்தான் திறக்கும். அவள் எரிந்து விழவும் இல்லை. கிறிஸ்துமஸ் விஷயத்தால் அவன் முன்னால் குரல் உயர்த்த அவளுக்குப் பயம். என்னிடம் முன்பே சொல்லியிருந்தால் நான் போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். சொல்லவில்லை. புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாதாம்.

கடைசி நாளும் வந்தது. அன்று காலையில் அவன், “பாலராமபுரத்துல ஒரு ஜவுளிக்கடையில வேலை உண்டு. நீ அக்ஷயா சென்டருக்குப் போ. ஓடிபி வந்தா நான் போனுல விளிச்சு செல்லுதேன்” என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் ஓடினாள். அரசு விண்ணப்பங்கள் போட்டுக் கொடுக்கும் அந்த அக்ஷயாவை நடத்தும் நிபின் கம்ப்யூட்டரில் அவள் கணக்கை எடுத்தான். ஓடிபி போனது. அவள் காத்திருந்தாள். போன் வரவில்லை. இவள் கூப்பிட்டாள், மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் ஓடிபி, மறுபடியும் காத்திருப்பு. நிபின் மற்றவர்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே இடையிடையே இவளுக்காகவும் முயன்றான். மத்தியானம் தாண்டியபோதுதான் எனக்கு அழைப்பு வந்தது.

“மக்கா, அவிய போன் எடுக்கேல. எனக்குக் கையும் காலும் ஓடேல.”

நான் அலுவலகத்தில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாலராமபுரத்துக்குப் போனேன். அவன் சொன்ன ஜவுளிக்கடையைக் கண்டுபிடித்தேன். கடைக்காரர், “ராஜதாஸா? அவன் போன ஆழ்ச்ச வேலை முடிச்சு போயல்லோ” என்றார். போன வாரமே முடித்துப் போயிருக்கிறான். அங்கிருந்து அவன் கடைக்கு வந்தேன். ஷட்டர் போட்டிருந்தது. நானும் கூப்பிட்டுப் பார்த்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் நிபின் சென்டரைப் பூட்டினான். பாவம், அவன்தான் எத்தனை நேரம் இருப்பான்? அக்கா வீட்டில் உட்கார்ந்து தன் போனில் முயன்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு அவன் வீட்டுக்கே வரவில்லை. வேலை முடியாததால் பாலராமபுரத்திலேயே தங்கிவிட்டானாம். பாலராமபுரம் என்ன பம்பாயா? பேருந்து ஏறினால் அரை மணிக்கூரில் வீட்டுத் திண்டில் இருக்கலாம். தேதி மாறியது. கதவு மூடியது. மறுநாள் காலையில் அவன் மீனும் வாங்கிக்கொண்டு வந்தான்.

நான் அந்த மீன் கழுவும் நேரத்திலேயே அங்கே போனேன். கேட்காமல் விடும் ஜாதி இல்லை நான். அவன் ஹாலில் சோபாவில் இருந்தான். அக்கா அடுக்களை வாசலில் நின்றாள். அழுத முகம் இல்லை. அழுது முடித்திருப்பாள்.

“வா மக்களே, இரி. சாயா எடுக்கட்டா?” என்றான்.

“சாயா வேண்டாம் அண்ணா. நேற்று நீங்க எங்க இருந்தியோ? பாலராமபுரத்துல நான் வந்து பாத்தேன். அங்க நீங்க இல்ல.”

அவன் டிவி ரிமோட்டை எடுத்து மேசையில் நேராக வைத்தான். பொய் சொல்வான் என்றுதான் நினைத்தேன். சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

“ஓடிபி வந்துது” என்றான். “எல்லாம் வந்துது. நான் கண்டேன்.”

“பின்ன என்னத்துக்கு செல்லேல?”

“எல்லாத்துக்கும் விடை அறியுத ஆளில்லா? இதையும் அறிவாளுன்னு நெனச்சேன்.”

சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான். அந்த நிமிடம் அவன் முகத்தில் சந்தோஷம்கூட இல்லை. இதைச் சொல்வதற்காகவே இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறான், சொல்லியாகிவிட்டது, இனி என்ன என்று தெரியாத முகம். எனக்கு அவனை அங்கேயே ஏதாவது செய்துவிடலாமா என்று இருந்தது. ஒரு பெண்ணின் இருபது வருடப் படிப்பை ஒரு சிரிப்புக்கு ஈடாக எடுத்துக்கொண்டான். கடங்காரப் பாவி. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பேசினாள்.

“அந்த நம்பரு போனுல இப்பளும் உண்டா?”

அவன் போனைச் சோபாவில் கவிழ்த்து வைத்தான்.

“இருந்தா வாசியுங்க. கடைசியா வந்தது.”

“இனி அதுக்கொண்டு என்ன காரியம்? அதுக்க நேரம் களிஞ்சாச்சு.”

“அது எனக்கும் அறியலாம். வாசியுங்க.”

அவன் போனை எடுத்தான். விரல் வைத்துத் திறந்தான். நான் இங்கே அவன் குரலை எழுதுகிறேன், எனக்கும் அது மறக்கவில்லை. “நாலு, ஏழு, பூஜ்யம், ஒம்பது, ஒண்ணு, மூணு.”

அக்காவின் உதடு அசைந்தது. பின் அறையில் புதிதாக ஒன்றைக் கேட்டால் எப்படித் தனக்குள் ஒருதரம் சொல்லிப் பார்ப்பாளோ அப்படி. “ஒருக்கக் கூட” என்றாள். அவன் மறுபடியும் வாசித்தான். “போதும்” என்று சொல்லிவிட்டு மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஊரில் செய்தி வேறுவிதமாகப் பரவியது. அவன் மறந்துவிட்டானாம், ஆம்பிளைக்கு ஆயிரம் ஜோலியாம். ஐயர் வீட்டுக்கு வந்து ஜெபம் செய்து, கர்த்தருக்கு வேறு சித்தம் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜெயபாய் மட்டும் மருமகளிடம், “ஒனக்க கஞ்சிய இனி நான் குடிக்கியதுக்கு எனக்கே நாணமா இருக்கு” என்று சொன்னாராம். அது ஒன்றுதான் அந்த வீட்டில் யாரோ உருப்படியாகப் பேசியது.

பரீட்சை ஒரு சனிக்கிழமை நடந்தது. எங்கள் பின் அறையில் புதிதாகப் படிக்கும் பெண்கள் எல்லாரும் போய் எழுதினார்கள். அவர்களுக்கும் அக்காதான் சொல்லிக் கொடுத்திருந்தாள். சாயங்காலம் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு எல்லாரும் அவளிடம் விடை சரிபார்ப்பது எங்கள் வழக்கம். அன்று யாருக்கும் போகத் தைரியம் இல்லை. தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார்கள். நான் போனேன். போயிருக்க வேண்டாம். ஆனால் போகாமல் இருந்தால் அவளைச் செத்தவளாகக் கணக்கு வைத்தது போல ஆகிவிடாதா?

அக்கா அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கின் தோல் சீவிக்கொண்டிருந்தாள். ஹாலில் ராஜதாஸ் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போனைத் திறந்து, சும்மா ஒரு கேள்வியைக் கேட்டேன்.

“அக்கா, செஞ்சிலுவைச் சங்கத்துக்க தலைமையிடம் எங்க?”

அவள் கத்தியை நிறுத்தவில்லை. “நாலு, ஏழு, பூஜ்யம், ஒம்பது, ஒண்ணு, மூணு.”

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். ஜெனீவா அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். சிரித்துக்கொண்டே அடுத்ததைக் கேட்டேன்.

“வைட்டமின் சி கொறஞ்சா வருத ரோகம்?”

“நாலு, ஏழு, பூஜ்யம், ஒம்பது, ஒண்ணு, மூணு.”

சத்தமாகத்தான் சொன்னாள், ஹாலுக்குக் கேட்கும்படி. மூன்றாவது கேள்வியை நான் கேட்கவில்லை. போனை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். ஹாலில் டிவியின் சத்தம் கூடியது.